பன்னிரண்டாவது கம்பு

ஓடைக்கரையில் நின்று கம்புகளை எண்ணினேன். இருபத்தாறு. நம்பிக்கை வராமல் மறுபடி எண்ணினேன். இருபத்தாறுதான். காலையில் வந்தபோது முப்பத்தொன்று இருந்தன.

மணி ஒன்பது ஐம்பத்திரண்டு. பத்தரைக்கெல்லாம் கடல் ஏறி இந்த ஓடைக்குள் வந்துவிடும் என்று சொல்லியிருந்தார்கள். அதற்குள் நானும் என் மனைவி மங்கையும் அக்கரை போயாக வேண்டும். அகலம் அறுபத்திரண்டு தப்படிதான். சரியான இடத்தில் இறங்கினால் முழங்காலளவு தண்ணீர், அடியில் கெட்டி மணல். இடம் தவறினால் சகதி.

"என்னங்க, எண்ணி முடிச்சாச்சா?" என்றாள் மங்கை, பின்னாலிருந்து.

"அஞ்சு கம்பு குறையுது."

"நம்ம கம்பா? போனாப் போகுது, வாங்க."

அவளுக்கு விளையாட்டு. எனக்கு அந்தக் கம்புகள்தான் வழி.

இந்தத் தொடரின் பதினேழாவது வாரம் இது. "ஐயா நடந்ததைச் சொல்வதைவிட எண்ணியதைத்தான் அதிகம் சொல்கிறார்" என்று ஆலங்குடியிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். இந்த வாரம் அவருக்கு நான் பதில் சொல்லப்போவதில்லை. என் எண்ணிக்கை பொய்த்த கதையைச் சொல்லப்போகிறேன். அவரே திருப்திப்பட்டுக்கொள்ளட்டும்.

முழங்கால் பஞ்சாயத்து

நாங்கள் இருப்பது கீரமங்கலத்தில். மங்கை பிறந்தது மணமேல்குடிக்குத் தெற்கே, கடலுக்கும் வயலுக்கும் நடுவே உள்ள ஒரு சிற்றூரில். அவளுக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்துபோயின. வலது முழங்காலை மாற்றி ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. இடது பாக்கி.

"இதையும் சீக்கிரம் முடித்துவிடுங்கள், தள்ளிப்போட்டால் மாற்றிய காலின் மேல் பாரம் ஏறி அதையும் கெடுக்கும்" என்றார் புதுக்கோட்டை டாக்டர். மங்கை முடியாது என்றாள். முதல் அறுவைக்குப் பின் அவள் பட்ட வலி எனக்குத் தெரியும். இருபத்து மூன்று நாள் அவள் என்னிடம் சரியாகப் பேசவில்லை.

ஆனால் என் கவலை வேறு. அடுப்படியிலிருந்து கொல்லைக் குழாய்க்கு என் நடையில் பதினான்கு தப்படி. முன்பெல்லாம் அவள் அதை ஒரே மூச்சில் நடப்பாள். பிறகு ஒரு இடத்தில் நின்றாள். பிறகு இரண்டு இடம். மூன்றாவது இடத்தில் நிற்கத் தொடங்கியபோது நான் அந்தப் பேச்சை எடுத்தேன். தினமும் எடுத்தேன். கோயம்புத்தூரிலிருந்து மகள் கயல் போனில் எடுத்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கள் இருவருக்கும் சேர்த்து, ஸ்பீக்கரில் போட்ட போனுக்கு முன்னால் மங்கை தீர்ப்பு சொன்னாள்.

"எங்கூருக் கடக்கரை, அந்த ஒத்தப்பனைக் கரைக்கு நான் நடந்து போயி, நடந்து திரும்பி வாரேன். யாரு கையையும் பிடிக்க மாட்டேன். வந்துட்டேன்னா, அப்பறம் இந்த வீட்ல ஆபரேசன்ங்குற பேச்சே வரக்கூடாது. முடியலையா, நீங்க சொல்ற தேதியில வந்து படுத்துக்கிறேன்."

"அம்மா, நீ நடந்தியா இல்லையான்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றாள் கயல்.

"ஒங்கப்பா கூட வருவாருல்ல? அவரு சொல்லட்டும். பொய் சொல்லத் தெரியாத மனுசன்."

புகழ்ந்தாளா, மட்டம்தட்டினாளா என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. ஒன்றை மட்டும் இங்கே ஒப்புக்கொள்கிறேன். அவள் தோற்க வேண்டும் என்றுதான் நான் உள்ளூர நினைத்தேன்.

பதினான்கு நிமிடம்

பொய் சொல்லத் தெரியாதவன் என்ற பெயர் எனக்கு எப்படி வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். முப்பத்து நான்கு வருடம் பேருந்து நிலையங்களில் நேரக் காப்பாளராக இருந்தேன். கடைசிப் பன்னிரண்டு வருடம் அறந்தாங்கியில். வண்டி எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்குக் கிளம்பியது என்று எழுதுவதுதான் வேலை. யார் வேண்டுமானாலும் செய்யலாம். ஆனால் உள்ளதை உள்ளபடி எழுத வேண்டும்.

ஒருநாள் ஓட்டுநர் ஒருவர் ஆறு மணி வண்டியை ஆறு பதினான்குக்கு எடுத்தார். எனக்கு நெருங்கிய நண்பர். அவர் வீட்டு வளைகாப்புக்கெல்லாம் போய் வந்திருக்கிறேன்.

"அண்ணே, ஆறு நாலுன்னு போட்டுருங்கண்ணே. பத்து நிமிசத்துல என்ன ஆகப்போகுது?" என்றார்.

"உனக்கு ஒண்ணும் ஆகாது. நோட்டுக்கு ஆகும்" என்றேன். பதினான்கு என்று எழுதினேன். அவர் என்னோடு ஆறு வருடம் பேசவில்லை. பிறகு பேசினார். என் பணி ஓய்வு விழாவில் மாலை போட்டு, "அண்ணன் கடிகாரம் மாதிரி, அதுக்கும் காது கேக்காது" என்றார். கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன்.

காலை

மாசி மாதம், வெயில் ஏறாத நேரம். முதல் பேருந்தில் போய், பிறகு ஆட்டோவில் வனத்துறைக் கொட்டகை வரை சென்றோம். அந்தக் கரையோரம் முழுவதும் இப்போது கடல்பசுவுக்கான காப்பகம். அனுமதி வாங்கித்தான் உள்ளே போக முடியும். காவலர் காளிமுத்து எங்களுக்காகக் காத்திருந்தார். நாற்பது வயதிருக்கும், சிரித்த முகம்.

"சத்தமாப் பேசக்கூடாது, சங்கு சிப்பி எடுக்கக்கூடாது, பிளாஸ்டிக் கூடாது. பைக்குள்ள என்னங்கய்யா?"

"பதினோரு சாமான்" என்றேன். ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினேன். எவர்சில்வர் தண்ணீர்ப் பாட்டில் இரண்டு, இலையில் கட்டிய பொடி இட்லி, துண்டு, குடை, வலிக்கான தைலம், மாத்திரை, விசில், கயிறு, டார்ச், நோட்டு.

"பகல்ல எதுக்குங்கய்யா டார்ச்சு?"

"அவரு அப்படித்தான்யா, கோயிலுக்குப் போனாக்கூட டார்ச்சு எடுப்பாரு" என்ற மங்கை, "கடல்பசு கண்ணுல படுமா?" என்று கேட்டாள்.

"கரையிலேர்ந்து தெரியாதுங்கம்மா. நான் ஏழு வருசமா இங்க இருக்கேன். உசுரோட ஒரே ஒரு தடவதான் பாத்துருக்கேன். அதுவும் முதுகு மட்டும்."

"நான் ஏழு வயசுல பாத்துருக்கேன். எலையில."

"எலையிலயா?"

மங்கை முன்னால் நடக்கத் தொடங்கிவிட்டாள்.

கொட்டகையிலிருந்து ஓடை வரை ஆயிரத்து நூற்று நாற்பது தப்படி. இரு பக்கமும் அலையாத்தி மரங்கள். அவற்றின் மூச்சு வேர்கள் சேற்றில் பென்சில்களை நட்டு வைத்ததுபோல் நின்றன. அவற்றை எண்ணத் தொடங்கி முந்நூறில் விட்டுவிட்டேன். மங்கை அதற்குள் இரண்டு முறை நின்றாள். மரத்தைப் பார்ப்பதுபோல் நின்றாள். மரத்தைப் பார்க்கவில்லை என்று எனக்குத் தெரியும்.

ஓடையைக் காளிமுத்து முன்னால் இறங்கிக் காட்டினார். தண்ணீர் வற்றியிருந்த நேரம், கெண்டைக்கால் அளவுதான். "திரும்பும்போதும் இதே எடத்துல இறங்குங்க. பத்தரைக்கு ஏத்தம் வந்துரும், அதுக்குள்ள தாண்டிருங்க" என்று சொல்லிவிட்டு ரோந்துக்குப் போனார்.

இதே இடம் என்றால் எந்த இடம்? எழுதி வைக்க வேண்டாமா? கொட்டகைப் பக்கக் கரையை ஒட்டி, மேற்கிலிருந்து கடல்வரை, ஓடையின் நெடுக ஒரு வரிசை கம்புகள் ஊன்றியிருந்தன. மீனவர்கள் வலை கட்டும் கம்புகள். மொத்தம் முப்பத்தொன்று. நாங்கள் தாண்டிய இடம் மேற்கிலிருந்து பன்னிரண்டாவது கம்புக்கு நேர். நோட்டில் எழுதிக்கொண்டேன். பேருந்து நிறுத்தத்தை எழுதுவதுபோல.

ஒற்றைப்பனை இல்லாத கரை

அங்கிருந்து இரண்டாயிரத்து தொள்ளாயிரத்து எட்டு தப்படி. மங்கை ஏழு இடத்தில் நின்றாள். கையை நீட்டிவிடக் கூடாது என்பதற்காக நான் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டேன். "கல்யாண வீட்டுல பந்திய மேற்பார்வ பாக்குற மாதிரி இருக்கு" என்றாள்.

ஒத்தப்பனைக் கரையில் பனை இல்லை. ஒன்றுகூட இல்லை. மணலும் தண்ணீரும்தான். எங்கள் பக்கத்துக் கடலில் அலை என்று சொல்லும்படி அலை கிடையாது. தட்டில் ஊற்றிய பால் தளும்புவதுபோல் ஒரு மடிப்பு வந்து கரையைத் தொட்டுப் போகும். கரை நெடுக கடற்புல் ஒதுங்கிக் கருத்துக் கிடந்தது. அதன் வாசனை, மழையில் நனைந்து வெயிலில் காயும் வைக்கோலுக்கு உப்புப் போட்டதுபோல் இருந்தது. மிதித்தால் மெத்தை. எங்களைத் தவிர ஒரு காலடித் தடமும் இல்லை.

மங்கையால் தரையில் உட்கார முடியாது. ஒதுங்கிக் கிடந்த பெரிய மரத்துண்டு ஒன்றில் சாய்ந்து நின்றபடியே இட்லி தின்றாள். அப்போதுதான் அந்த இலைக் கதையைச் சொன்னாள். நாற்பத்தோரு வருட மணவாழ்க்கையில் அதுவரை சொல்லாத கதை.

"கடல்பசுவ இங்கதான் அறுத்தாங்க. சின்னதுல எங்கூருக்குத் தேக்கெலையில கட்டி வந்துச்சு. கறின்னுதான் சொன்னாங்க. ரெண்டு தடவ வாங்கித் தின்னேன். மறுநா எங்க அண்ணன் பின்னாடி இங்க ஓடியாந்தேன். தலை மட்டும் கெடந்துச்சு. சின்னக் கண்ணு. யானைக்கு இருக்குமே, அது மாதிரி."

"அதுக்கப்பறம் வரலையா?"

"வரல. வந்து ஒரு தடவ நிக்கணும்னு மட்டும் இருந்துச்சு."

அந்தக் காலத்தில் அது தவறென்று அங்கே யாருக்கும் தெரியாது. நான் அதைச் சொல்லவும் செய்தேன். அவள் கேட்டதாகத் தெரியவில்லை. கடலையே பார்த்துக்கொண்டு நின்றாள். இருபத்திரண்டு நிமிடம்.

தெற்கே தூரத்தில் ஒரு மணல் திட்டு கடலுக்குள் நீண்டிருந்தது. அதன் நுனியில் ரோஜா நிறத்தில் ஒரு கோடு. கோடு அசைந்தபோதுதான் பூநாரைகள் என்று தெரிந்தது. எண்பத்து நான்கு வரை எண்ணினேன். இடம் மாறி நின்றுகொண்டன.

"எல்லாரும் வந்துருக்காங்களா? வருகைப் பதிவேடு எடுத்தாச்சா?" என்று சிரித்தாள் மங்கை. பிறகு, "அந்தத் திட்டுக்கு எவ்வளவு தூரம் இருக்கும்?" என்றாள்.

"குத்துமதிப்பா ரெண்டாயிரத்து முந்நூறு தப்படி."

தன் இடது முழங்காலைப் பார்த்தாள். திட்டைப் பார்த்தாள். "சரி, திரும்புவோம்" என்றாள்.

ஐந்து கம்பு

இப்போது ஓடைக்கரைக்கு வருகிறேன். முப்பத்தொன்று இருபத்தாறாகியிருந்தது. என் எண்ணிக்கை பிசகியிருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. கம்புகளை யாரோ பிடுங்கியிருக்கிறார்கள். எந்தப் பக்கம்? கடல் பக்கம் ஒரு வள்ளம் நின்றது. ஆகவே கடல் பக்க ஐந்தைத்தான் எடுத்திருப்பார்கள். மேற்குப் பக்கக் கணக்கு மாறாது. மேற்கிலிருந்து பன்னிரண்டை எண்ணி, அதற்கு நேராகப் போய் நின்றேன்.

"அங்க இல்லங்க. இங்கிட்டு" என்றாள் மங்கை. அவள் எனக்கு மேற்கே வெகுதூரம் தள்ளி நின்றாள்.

"நோட்டுல எழுதியிருக்கு."

"நோட்டு கெடக்கட்டும். தண்ணிக்குள்ள பாருங்க. இங்க மணல் வரிவரியா கெடக்கு, கெட்டி. ஒங்க பக்கம் வழுவழுன்னு பளபளக்குது. அது சகதி."

நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "முப்பத்து நாலு வருசம் எண்ணினவனுக்குப் பன்னண்டு வரைக்கும் எண்ணத் தெரியாதா?"

இறங்கினேன். முதல் நான்கு தப்படி சரியாக இருந்தது. ஐந்தாவதில் வலது கால் முழங்கால்வரை போனது. அதை எடுக்க இடதை ஊன்றினேன். இரண்டும் தொடைவரை போய்விட்டன. இழுத்தேன். இழுக்க இழுக்க உள்ளேதான் போனது. சகதிக்கு ஒரு குளிர்ச்சி உண்டு. உறிஞ்சிப் பிடிக்கிற குளிர்ச்சி. தண்ணீர் இடுப்புக்கு வந்தது. ஏற்றம் தொடங்கிவிட்டது. மணி பத்து பதினொன்று. விசிலும் கயிறும் பைக்குள் இருந்தன. ஆழம் பார்த்துவிட்டு வந்து எடுக்கலாம் என்று வைத்த பை கரையில் இருந்தது.

"அசையாதீங்க" என்றாள். அதட்டவில்லை. குழம்புக்கு உப்புப் போதும் என்று சொல்வதுபோல் சொன்னாள்.

தனக்குத் தெரிந்த வரிமணல் வழியே இறங்கி, தண்ணீருக்குள் என்னை நோக்கி ஒவ்வொரு காலாக வைத்து வந்தாள். கெட்டித் தரை முடிகிற இடத்தில் நின்றாள். எங்களுக்கு நடுவே மூன்று முழம். வெயிலுக்குக் கையில் வைத்திருந்த குடையின் வளைந்த பிடியை என்னிடம் நீட்டினாள். பிடித்து இழுத்தேன். பிடி மட்டும் என்னிடம் வந்துவிட்டது.

"நல்ல குடையாப் பாத்து வாங்கியிருக்கீங்க" என்று குச்சியைக் கரைப்பக்கம் எறிந்தாள். "படுங்க."

"என்ன?"

"முன்னாடி படுங்க. நெஞ்ச தண்ணியில போடுங்க. காலு தானா லேசாகும்."

"சட்டைப் பையில போன் இருக்கு."

"போனு போகட்டும், நீங்க வாங்க!"

அதுதான் அவள் குரலை உயர்த்திய ஒரே இடம். போனைப் பல்லில் கவ்விக்கொண்டு படுத்தேன். கையை நீட்டினேன். அவளும் நீட்டினாள். மாற்றிய வலது முழங்காலை மடித்து மண்டியிடக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ஆகவே அதை முன்னால் நீட்டி ஊன்றி, பாரம் முழுவதையும் பின்னால் இருந்த இடது காலில் வாங்கினாள். கெட்டுப்போன காலில்.

"மூணு வரைக்கும் எண்ணுங்க. மூணுன்னதும் இழுக்குறேன்."

பல்லில் போனோடு எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று. அசையவில்லை. மறுபடி. வலது கால் வந்தது. மறுபடி. இடது காலும் வந்தது, செருப்பு இல்லாமல். அந்த இழுப்பில் அவளுடைய இடது முழங்காலிலிருந்து ஒரு சத்தம் வந்தது. சுள்ளி முறிகிற சத்தம். இருவருக்கும் கேட்டது.

கெட்டி மணலில் நான் எழுந்து நின்றதும், "கைய விடுங்க" என்றாள். "எங் கணக்கு கெட்டுரும்."

பையைப் போய் எடுத்துக்கொண்டு அவள் பின்னால் நடந்தேன். அவள் கால் வைத்த இடத்தில் கால் வைத்து ஓடையைத் தாண்டினேன். அறுபத்திரண்டு தப்படியா என்று எண்ணவில்லை.

காளிமுத்து கொட்டகை வாசலில் நின்றார். என் ஒற்றைச் செருப்பையும் சட்டையையும் பார்த்தார். நடந்ததைச் சொன்னேன்.

"கம்பா? மேக்கால அஞ்ச எட்டு மணிக்கே பிடுங்கிட்டாங்களேய்யா. வலைய மாத்திக் கட்டுறதுக்கு தெனமும் பிடுங்கி நடுவாங்க. அதப் போயி யாராச்சும் அடையாளம் வைப்பாங்களா?"

"அறந்தாங்கியில எந்த ஸ்டாப்பும் நகராதுல்ல, அந்தப் பழக்கம்" என்றாள் மங்கை.

சாட்சி

வீட்டுக்கு வந்து சேருமுன்னே பேருந்திலேயே கயல் போன் செய்துவிட்டாள். போன் நனைந்திருந்தும் பேசியது.

"அப்பா, அம்மா நடந்தாங்களா?"

"நடந்தா. போக நாலாயிரத்து நூத்திப் பத்து. வரவும் அதே. போகும்போது ஒன்பது எடத்துல நின்னா, வரும்போது பதிமூணு."

"யாரு கையையாச்சும் பிடிச்சாங்களா?"

பக்கத்து இருக்கையில் மங்கை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். இடது முழங்காலைத் துண்டால் இறுக்கிக் கட்டியிருந்தாள். அது வீங்கத் தொடங்கியிருந்தது. பிடித்தாள் என்று ஒரு சொல் சொன்னால் போதும். அடுத்த வாரமே அறுவைக்குத் தேதி வாங்கிவிடலாம். அது அவளுக்கு நல்லதும்கூட. கை பிடிக்கப்பட்டது உண்மைதானே?

"ஒரு தடவ கை பிடிச்சது உண்டு" என்றேன்.

"யாரு பிடிச்சா?"

மங்கை திரும்பவில்லை.

"நான்" என்றேன். "நான்தான் அவ கையப் பிடிச்சேன்."

அதன் பிறகு எங்கள் வீட்டில் அந்தப் பேச்சு இல்லை. பங்குனி, சித்திரை, வைகாசி, ஆனி, நானும் எடுக்கவில்லை, கயலும் எடுக்கவில்லை. குழாய்க்குப் போகும் வழியில் மங்கை நான்கு இடத்தில் நின்றாள். வாயை மூடிக்கொண்டு அதையும் எண்ணினேன்.

சென்ற வாரம், ஆடி பிறந்தபின் ஒருநாள், அவள் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் எதிரே நாளிதழ் படித்துக்கொண்டிருந்தேன்.

"அந்தத் திட்டுக்கு எத்தன தப்படின்னீங்க?"

"ரெண்டாயிரத்து முந்நூறு."

"போக மட்டுமா?"

"போக மட்டும்."

இன்னும் இரண்டு காய் நறுக்கினாள்.

"அந்த டாக்டரு செவ்வாக்கெழம இருப்பாரா?"

நாளிதழை மடித்து வைத்தேன். "நான் அந்தப் பேச்ச எடுக்கல" என்றேன்.

"நீங்க எடுக்கல. நான்தான எடுக்குறேன். ஆபரேசன் முடிஞ்சு எந்திரிச்சு நடக்கணும். பூநாரை வர்றதுக்கு இன்னும் எத்தன மாசம் இருக்கு, எண்ணுங்க."

விரல் விட்டு எண்ணினேன். ஆவணி, புரட்டாசி, ஐப்பசி, கார்த்திகை, மார்கழி, தை.

"ஆறு" என்றேன்.

"சரியா எண்ணுனீங்களா?"

மறுபடி எண்ணினேன்.